பனியில் விழுகிறவனுக்கு உபயம்

நம் கோயில் மண்டபங்களில் தொங்கும் மின்விசிறியின் இறக்கைகளிலும், சுவரோரத்துக் குழல்விளக்கின் கண்ணாடியிலும், ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவர் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் பூர்வீக ஊரையும் சிவப்புச் சாயத்தில் எழுதிவைக்கிற சம்பிரதாயத்தைப் பற்றி எத்தனையோ பேர் பரிகாசம் செய்து தீர்த்துவிட்டார்கள். பெயர் நீண்டுகொண்டே போக, வெளிச்சத்தில் பாதியை எழுத்துக்களே விழுங்கிவிட, கீழே நிற்கிறவர்களுக்கு அம்பாளின் முகம் மங்கலாகவும் உபயதாரர் பெயர் ஸ்பஷ்டமாகவும் தெரிகிறது என்பது அந்தப் பரிகாசத்தின் சாரம். நானும் அதைக் கேட்டுச் சிரித்தவன்தான். ஆனால் சென்ற மாதம் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மசாலா அரைத்து விற்கிற பழைய கடையொன்றின் உள்ளறையில், மல்லியும் மிளகாய் வற்றலும் சேர்ந்து எழுப்பிய நெடியில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சொல்லை நாம் சற்று அவசரப்பட்டுக் கேலி செய்துவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டாயிற்று.

கடைக்காரரை அண்ணாச்சி என்றுதான் அந்த வட்டாரத்தில் எல்லாரும் அழைப்பது. கோயில் அன்னதானத்துக்கும், தமிழ்மொழி விழா மேடைக்கும், அடுக்குமாடிப் பிள்ளைகளின் காற்பந்துக் குழுவுக்கான சட்டைக்கும் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிற கை அவருடையது. அன்று அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கடிதத்தை என் முன்னால் தள்ளினார். பதினேழு வயதுப் பையன் ஒருவன், ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் பயிற்சி பெறுவதற்கு ஆதரவு கேட்டு எழுதியிருந்தான்.

“பையன் நம்ம பையன்தான் தம்பி, அவன் தாத்தாவையே எனக்குத் தெரியும். பார்க்கிலே சறுக்குறேன்னு எழுதியிருக்கான். எந்தப் பார்க்? நம்ம ஃபேரர் பார்க்கா?”

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கடையிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஃபேரர் பார்க். 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை குதிரைப் பந்தயம் நடந்த இடம் அதுதான். 1911இல் சிங்கப்பூர் மக்கள் முதன்முதலாக ஆகாய விமானம் பறந்ததைக் கண்ணால் கண்டதும் அங்கேதான். பிற்பாடு பல தலைமுறைப் பிள்ளைகள் பந்து உதைத்ததும், ஹாக்கி மட்டை பிடித்ததும், ஓடிப் பழகியதும் அந்தப் புல்தரையில். அந்தப் பந்தயத்திடலால் வந்த ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர், குதிரைகள் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும், மீன்தலைக் கறி மணத்தோடு கலந்து நிற்கிறது. பார்க் என்ற சொல்லுக்கு அண்ணாச்சியின் அகராதியில் அதைவிட யோக்கியமான அர்த்தம் இருக்க முடியாது.

பையன் சொல்கிற பார்க் வேறு. பனிமலைச் சரிவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பனியையே குவித்தும் செதுக்கியும் மேடுகள் கட்டி, மாடிப்படியின் கைப்பிடி போன்ற நீண்ட இரும்புக் கம்பிகளை நடுநடுவே நட்டு வைத்திருப்பார்கள். மேலிருந்து சறுக்கி வருகிறவன் கம்பியின்மேல் ஏறிக் குறுக்காக வழுக்கிச் சென்று, மேட்டிலிருந்து வானத்தில் எழும்பி, இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ சுழன்று, முடிந்தால் காற்றிலேயே குனிந்து தன் சறுக்குப்பலகையைக் கையால் பற்றி, பிறகு தரையில் இறங்கவேண்டும். முதுகுப்புறமாக இறங்கினாலும் சரியே. அதற்காகத்தான் பலகையின் பின்முனையும் முன்முனையைப் போலவே மேல்நோக்கி வளைந்திருக்கிறது. யார் முதலில் அடிவாரம் வந்து சேர்ந்தார் என்று கடிகாரம் பார்க்கிற போட்டியல்ல இது. உயரம், கடினம், வகை, செய்நேர்த்தி, புதுமை ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ஏறத்தாழ நம் சபாக்களில் நாட்டியம் பார்க்கிற முறை. ஸ்லோப்ஸ்டைல், ஹாஃப்பைப் என்ற இரண்டு பிரிவுகள் 2014இல் சோச்சியிலும், பிக் ஏர் என்ற மூன்றாவது 2022இல் பெய்ஜிங்கிலும் குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெற்றன.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும், அண்ணாச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சரி, இவனுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?”

கடிதத்தில் அதற்கு விடை இருப்பதாகப் பையன் எண்ணியிருந்தான். பெற்ற பதக்கங்கள் இரண்டு; சமூக ஊடகத்தில் தன்னைப் பின்தொடர்கிறவர்கள் எத்தனை ஆயிரம் என்ற கணக்கு; தலைக்கவசத்தில் கடையின் பெயர் பதிக்கப்படும் என்ற வாக்குறுதி; கூடவே முக்கால் நிமிஷக் காணொளி ஒன்று, அதில் பையன் ஒருமுறைகூட விழவில்லை. இந்தக் காலத்தில் ஆதரவு கேட்கிற விளையாட்டு வீரர் யாராக இருந்தாலும் இவ்விதமே எழுதும்படிதான் அவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். வியாபாரி தன் காசுக்குப் பிரதிபலன் எதிர்பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, குழல்விளக்கில் பெயர் எழுதிக்கொண்டவரும் விளக்கைக் கொடுத்தவர்தானே. ஆனால் பின்தொடர்கிறவர்களின் தொகையை அளந்து கொடுப்பது விளம்பரக் கூலி. உபயத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலைப் பற்றி நம் முன்னோர் அதிகமாகவே சிந்தித்திருக்கிறார்கள். கொடுப்பதில் உள்ள சிரமம் பொருளைப் பிரிவதில் இல்லை, வந்து நிற்கிறவனின் தரத்தை அறிவதில்தான் இருக்கிறது என்னும் கருத்துப்பட மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் அறிவுரை சொன்னதாகப் புறநானூறு காட்டுகிறது. தம்மை நேரிற் பாராமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததையும் அதே நூலில் காண்கிறோம். பெறுகிறவர் வறுமையில் இருந்தபோதும், ‘என்னைப் பார்த்துவிட்டுக் கொடு’ என்று கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. ஆதரவு என்பதன் முதற்கடமை பார்ப்பது. பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

விழாமையைப் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிதரிசனம் உண்டு. 2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஹங்கேரியின் சார்பில் ஹாஃப்பைப்பில் இறங்கிய எலிசபெத் ஸ்வேனி, இரண்டு பக்கமும் சுவரெடுத்த அந்தப் பனிக் கால்வாயில் இப்படியும் அப்படியுமாக நிதானமாக ஏறி இறங்கி, குறிப்பிடத்தக்க வித்தை ஒன்றும் செய்யாமல், விழாமல், அடிவாரம் வந்து சேர்ந்தார். போட்டியிடுகிறவர்கள் குறைவாக வருகிற உலகக்கிண்ணப் பந்தயங்களுக்கெல்லாம் தவறாமல் சென்று, விழாமல் இறங்கி, தகுதிப் பட்டியலில் இடம்பிடித்திருந்தார். விதியில் ஓட்டை இருந்தது, அவர் அதன் வழியே சட்டப்படி நுழைந்தார். இருபத்து நான்கு பேரில் கடைசி இடம். அவருடைய விடாமுயற்சியை நான் இகழவில்லை. ஆனால் கடிதத்தோடு அனுப்புவதற்கு அவரிடமும் விழாத காணொளி ஒன்று இருந்திருக்கும் அல்லவா?

இதற்கு நேர் எதிரில் ஒருவரை நிறுத்தலாம். ஜே.பி. ஆக்ளேர் கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். 1990களில், மேடுபள்ளங்களின்மீது சறுக்குகிற மோகல் போட்டிகளில் தலைகீழாகச் சுழலக்கூடாதென்று விதி இருந்த காலத்தில், அந்த விதியோடு ஒத்துப்போக முடியாமல், ஒற்றைப்பலகையில் சறுக்குகிற ஸ்னோபோர்டுக்காரர்களின் பார்க்குகளில் போய்த் திருட்டுத்தனமாகப் பழகிய சில இளைஞர்களில் அவர் ஒருவர். இரண்டு முனையும் வளைந்த பலகை வேண்டும் என்று அந்தக் கூட்டத்தின் மைக் டக்ளஸ் தயாரிப்பாளர்களிடம் கேட்டுப் போனபோது பலர் கையை விரித்தார்கள். ஸாலமன் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ‘டென்எய்ட்டி’ என்று பெயரிட்டு அவர்கள் 1998 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த பலகை, சோர்ந்து கிடந்த பனிச்சறுக்கை இளைஞர்களிடம் மீண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பையன்களிடம் அப்போது காட்டத்தக்க பதக்கம் எதுவும் இல்லை. இன்னும் பெயர்கூட வைக்கப்படாத ஒரு விளையாட்டில் பதக்கம் எங்கிருந்து வரும்? 2002இல் ஆக்ளேரும் டேனர் ஹாலும் மற்றும் சில நண்பர்களும் சேர்ந்து ‘அர்மாடா’ என்று தங்களுக்கே ஒரு பலகை நிறுவனத்தைத் தொடங்கியதும் உண்டு. ஆதரவு பெற்றவர்கள் ஆதரவாளர்களாக மாறினார்கள். 2011இல் வெளியான ஒரு படத்தில், பனி பெய்து ஓய்ந்த சிற்றூர்த் தெருக்களில், வீட்டுப் படிக்கட்டிலும் வேலியிலும் கொல்லைப்புறச் சரிவிலும் அவர் சறுக்கிப்போகிற சில நிமிஷங்கள் வரும். நடுவர் இல்லை, எண் பொறித்த சட்டை இல்லை; குப்பைத்தொட்டிகளும் துணிகாயும் கொடிகளும் இருக்கிற உலகத்தில் ஒரு மனிதன் விளையாடிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். பத்து ஒலிம்பிக் இறுதிச்சுற்றுகளைக் காட்டிலும் அந்தச் சில நிமிஷங்கள் அதிகமான பிள்ளைகளைப் பனிக்கு இழுத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். 2014இல் சிலி நாட்டில் பனிச்சரிவில் சிக்கி அவர் மாண்டபோது, பனிச்சறுக்கு உலகமே கலங்கியது.

சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது வருகிற நேரம்தான் விசித்திரம். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றால் பத்து இலட்சம் வெள்ளி. 2016இல் ரியோவில் நூறு மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 50.39 விநாடியில் முடித்து ஜோசஃப் ஸ்கூலிங் அதைப் பெற்றார். ஆனால் சிறு வயதிலேயே அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கப் பெற்றோர் அதற்கு முன்பே அந்த அளவுக்கு மேல் செலவிட்டிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசமும் ஆனபிறகு கல்லும் மண்ணும் கொண்டுவந்து இறக்குவதைப் போன்றது இது. இன்னும் பின்னால் போனால், பள்ளி ஆசிரியராக இருந்த சி. குணாளன் 1968இல் மெக்சிகோவில் நூறு மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார், யு.கே. ஷியாம் அதை 2001இல் நூற்றில் ஒரு பங்கு விநாடி குறைக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. குணாளனுக்குப் பின்னால் எந்த நிதித்திட்டம் நின்றது?

சாந்தி பெரேராவின் கதையை அண்ணாச்சிக்கு நான் சற்று விரிவாகவே சொன்னேன், ஏனென்றால் இந்த விவாதத்தின் முடிச்சு அதில் இருக்கிறது. 2015இல் சொந்த மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் இருநூறு மீட்டரில் தங்கம்; அந்த ஓட்டத்தில் சிங்கப்பூருக்கு 1973இல் குளோரி பர்னபாஸ் வென்றதற்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம். நகரமே கொண்டாடியது. பிறகு காயங்கள், மந்தமான பருவங்கள். தேசிய விளையாட்டு உதவித்தொகைப் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் விடுபட்டது. எண்களை மட்டும் வைத்துப் பார்க்கிற எந்த நிர்வாகியும் அந்த முடிவைத்தான் எடுத்திருப்பார், அதற்காக யாரையும் தூற்ற நான் முன்வரவில்லை. ஆனால் அதே பெண்மணி 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் நூறு மீட்டரில் வெள்ளியும் இருநூறில் தங்கமும் வென்று, 1974இல் சீ சுவீ லீ பெற்றதற்கு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து ஓட்டக்களத்தில் சிங்கப்பூருக்குத் தங்கம் கொண்டுவந்தார். நடுவில் கிடந்த அந்த ஆண்டுகள்தான் புரவலருக்கான ஆண்டுகள். அரசாங்கம் வெற்றியை எதிர்பார்த்துக் கொடுக்கலாம், வெற்றிக்குப் பின்னும் கொடுக்கலாம். பெயர் மங்கிக் கிடக்கிற காலத்தில், கணக்குத் தணிக்கையாளருக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லாமல் கொடுக்கக்கூடியவர், தன் சொந்தக் கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு கடைக்காரர்தான்.

“பனியே இல்லாத ஊர்லே பனிச்சறுக்கு எதுக்குத் தம்பி?” என்று அண்ணாச்சி இடையில் கேட்டார். நியாயமான ஆட்சேபணை, ஆனால் வலுவானதல்ல. ஜூரோங்கில் 2000ஆம் ஆண்டிலேயே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிய கூடத்தில் செயற்கைப் பனியைக் காட்டிய ஊர் இது; 2018இல் செயென் கோ பனிக்கட்டி ஓட்டத்தில் குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்ற முதல் சிங்கப்பூரரானார்; ஆல்பைன் சறுக்கில் ஃபாயிஸ் பாஷா இந்நாட்டுக்காகப் போட்டியிடுகிறார். தவிரவும், ஏலம் விளையாத தீவில் உட்கார்ந்து மசாலா வியாபாரம் செய்கிறவர், பனி விளையாத தீவைக் குறை சொல்லலாமா? இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். உண்மையான தடை வேறு. ஆகஸ்டில் நியூசிலாந்தின் கார்ட்ரோனாவுக்கும், ஜனவரியில் ஜப்பானுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போய்வருகிற விமானக் கட்டணம் ஒன்று. பதினெட்டு வயதில் தேசிய சேவை ஒன்று. ஸ்கூலிங்குக்கு 2013இல் அதைத் தள்ளிப்போடச் சலுகை கிடைத்தது, எல்லாப் பையன்களுக்கும் கிடைக்காது. பார்க் சறுக்கில் உடம்பு சொன்னபடி கேட்கிற வயது அதே வயதுதான் என்பதால், இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் திரும்பி வரும்போதும் நான் இருப்பேனா என்று ஆதரவாளர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றொரு விஷயத்தை அவரிடம் நான் மெதுவாகத்தான் சொன்னேன். கனடாவின் சாரா பர்க் இந்த விளையாட்டில் பெண்களின் முன்னோடி. ஹாஃப்பைப் ஒலிம்பிக்கில் சேர்வதற்காகச் சலியாமல் வாதாடியவர். 2012 ஜனவரியில் யூட்டாவின் பார்க் சிட்டியில், ஆதரவு நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்திருந்த பயிற்சியின்போது விழுந்து, ஒன்பது நாட்கள் கழித்து இறந்துபோனார், வயது இருபத்தொன்பது. அது அந்நாட்டு விளையாட்டுச் சங்கத்தின் நிகழ்ச்சியல்ல என்பதால் சங்கத்தின் காப்புறுதி அதற்குச் செல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்காக முன்பின் அறியாத ஜனங்கள் இணையத்தின் வழியே மூன்று இலட்சம் டாலருக்கு மேல் சேர்த்துக்கொடுத்தார்கள். வீரரின் தலைக்கவசத்தில் பெயர் பதித்துக்கொள்கிற எவரும், அந்தத் தலைக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பிறகு பதித்துக்கொள்வது நல்லது. அண்ணாச்சி கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். காப்புறுதியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் சாமர்செட்டில் இறங்கினேன். ஆர்ச்சர்ட் சாலையின் பளபளப்புக்குப் பின்புறம் இருக்கிற அந்த ஸ்கேட் பார்க்கில் பனியும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் கம்பி ஒன்றுதான், விழுவதும் ஒன்றுதான். பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடைக்குக் கீழே கால்சட்டை போட்டுக்கொண்ட ஒரு பெண் குழந்தை, பதினான்கு வயது இருக்கலாம், முழங்கால் உயரக் கம்பியொன்றின்மேல் பலகையோடு ஏறி வழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். முதல் மூன்று தடவையும் பலகை முன்னால் ஓட இவள் பின்னால் உட்கார்ந்தாள். நான்காவதில் தோளை முன்னுக்குச் சாய்த்துப் பார்த்தாள். இப்போது முன்பக்கமாகக் கவிழ்ந்தாள். ஏழாவதில் ஓட்டத்தைக் குறைத்தாள். நடுக்கம்பியில் நின்றுபோய்ப் பக்கவாட்டில் சரிந்தாள். ஒன்பதாவதுக்குப் பிறகு முழங்கை தோல் உரிந்துவிட்டது. தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து அதைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் நின்ற ஒரு பொடியன் அதே கம்பியில் ஏற முயல, இவள் எழுந்துபோய் அவனுடைய முழங்காலைக் கையால் அழுத்தி, ‘இவ்வளவு மடக்கு’ என்று காட்டிவிட்டு வந்தாள். பதினான்காவது தடவை, கம்பியின் கடைசி வரை போனாள். யாரும் கைதட்டவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை; உடனே திரும்பிப் போய், அதே கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

ஒரே விதமாகப் பதின்மூன்று தடவை விழுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் இருப்பது பிடிவாதம். இவள் முதல் மூன்று தடவைக்குப் பிறகு வெவ்வேறு விதமாக விழுந்தாள். ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் அடுத்த எத்தனத்துக்கும் இடையே ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டே வந்தாள் என்பது, இந்த வித்தையில் அரிச்சுவடி அறியாத எனக்கே தெரிந்தது. நடுவர்களின் மதிப்பெண் தாளில் இதற்குப் பத்தி கிடையாது. முக்கால் நிமிஷக் காணொளியில் வெட்டி எறியப்படுவதும் முதலில் இதுதான். ஆதரவாளர் கேட்டு வாங்கவேண்டியது இந்த வெட்டியெறிந்த பகுதியை. கூடவே, அந்தப் பொடியனுக்கு முழங்காலை மடக்கிக் காட்டிய அரை நிமிஷத்தை.

மறுநாள் அண்ணாச்சி பையனுக்குத் தம் பேரனை விட்டுச் செய்தி அனுப்பச் சொன்னார்: விழுந்ததையெல்லாம் அனுப்பு. இரண்டு நாள் பதிலே இல்லை. பையன் அவமானப்பட்டிருப்பான் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் பதினொரு நிமிஷக் காணொளி வந்தது. கல்லாப்பெட்டியின் பக்கத்தில் கைபேசியை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்து, வாடிக்கையாளர்களைக் காக்கவைத்துவிட்டு, அண்ணாச்சி அதை முழுவதும் பார்த்தார். ஒவ்வொரு விழுதலுக்கும் “அய்யோ” என்றார், ஆறாவது நிமிஷத்துக்கு மேல் “அய்யோ” நின்றுபோய், “இந்தத் தடவை கையை உள்ளே வச்சிருக்கான், பாத்தியா?” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பையன் தாயாரோடு கடைக்கு வந்தான். ஓராண்டுக் காப்புறுதியும், நியூசிலாந்துக்கு ஒரு பருவத்துப் பயணமும், தேசிய சேவை முடிந்து வந்தபின் மறுபடி பேசுவது என்ற வாய்மொழியும் ஒப்பந்தமாயின. தலைக்கவசத்தில் பெயர் போடுவதை அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை; தலையில் எழுத்து ஆண்டவன் எழுதுவது, நாம் எதற்கு என்றார். பலகையின் அடிப்பக்கத்தில்தான் பெரிய நிறுவனங்கள் பெயரைப் போடுகின்றன, காற்றில் தலைகீழாகச் சுழலும்போது கீழே நிற்கிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள் என்று பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அண்ணாச்சி பலகையை வாங்கிக் கவிழ்த்து, மாவு படிந்த விரலால் அதன் அகலத்தை அளந்து பார்த்தார். நான்கு விரற்கடையும் ஒரு துண்டும் இருந்தது. பிறகு, விளம்பரப் பலகை எழுதுகிற ஆளைக் கூப்பிட்டனுப்பிவிட்டு, தமிழில் எழுதினால் எழுத்தை நேராக எழுதுவதா, அவன் தலைகீழாக இருப்பதற்கு ஏற்பக் கவிழ்த்து எழுதுவதா என்று பையனிடம் மிகுந்த கவலையோடு விசாரிக்கத் தொடங்கினார்.